முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குத் தோல் புற்றுநோய்ப் பயிற்சி என்றாலே திரையில் முதலில் வருவது வெள்ளைக்காரர் முதுகு மச்சத்தின் படம்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒருவருக்கு மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று, வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். அங்கே வெயிலுக்குப் பெரிய பங்கில்லை. மச்சத்தின் இரு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம், நிறம், அகலம் எப்படி என்று பார்க்கும் ஏ-பி-சி-டி விதி 1985-ல் வெளுத்த தோலை வைத்து உருவானது. நம்மூர் உள்ளங்காலுக்கு அது மட்டும் போதாது. முகத்தையும் கையையும் பார்த்து அனுப்பிவிடாமல், செருப்பைக் கழற்றி வயல் சேற்றைக் கழுவிவரச் சொல்லி, விரலிடுக்கு வரை பாருங்கள்.

நகக் கருங்கோட்டில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மாநிறத்தவருக்குப் பல விரல்களில் மெல்லிய கோடு இருப்பது சாதாரணம், பயமுறுத்த வேண்டாம். ஒரே நகத்தில் வந்து, அகன்றுகொண்டே போய், ஓரத்துத் தோலிலும் கருமை படர்ந்தால் விடாதீர்கள். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரலில் இருந்ததை முதலில் பந்தாட்டக் காயம் என்றே நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல் 36 வயதில் இறந்தார்.

எனக்கு அதிகம் வலிப்பது 'சர்க்கரைப் புண்' என்ற முத்திரை. சர்க்கரை இருக்கிறது, காலில் புண் இருக்கிறது, அவ்வளவுதான், மாதக்கணக்கில் கட்டு மட்டும் மாறுகிறது. கருமையே இல்லாமல் சிவந்த சதையாகவும் மெலனோமா வரும். பழைய தீக்காயத் தழும்பிலும், தொழுநோயால் உணர்விழந்த பாதத்து நாள்பட்ட புண்ணிலும் வேறு வகைத் தோல் புற்று வரும்: ஓரம் தடித்து, காலிஃபிளவர் மாதிரி சதை வளரும், நாறும். ஒரு மாதம் ஒழுங்காக வைத்தியம் பார்த்தும் ஆறாத புண்ணுக்குச் சதைப் பரிசோதனை வேண்டும். சதையைப் புண்ணின் ஓரத்தில் எடுக்கணும். நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும். கால் ஆணி, மரு என்று நினைத்துச் சுட்டுவிடுவதும், வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பாமல் எறிவதும் பெரிய தவறு. அப்புறம், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதிக்கவும் வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களைப் பரிசோதிப்பதால் பலன் உண்டு என்று சொல்லப் போதிய சான்றில்லை என அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவே 2023-ல் சொல்லிவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருபவரின் பாதத்தை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். அப்போதே இதையும் பார்த்துவிடலாம்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வருகிறவர் எந்த வாசலில் நிற்பார்? தோல் பிரிவு என்றும், புண் எத்தனை மாதமாக இருக்கிறது, எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்றும் சீட்டில் எழுதிக்கொடுங்கள். அவர் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் போனாரா என்று கேளுங்கள்.