ஐப்பசி முதல் தை வரை: வீட்டுக் கோழிகளின் முட்டை குறையாமலிருக்க

கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். 41 டிகிரி உடல் சூடும் மேலே இறகுப் போர்வையும் உள்ள கோழிக்கு இது ஒரு குளிரே இல்லை. ஆனாலும் ஐப்பசியில் குறைகிற முட்டை தை வரை ஏற மாட்டேன் என்கிறது. ஈரமும் சுருங்கிப்போன பகலும்தான் காரணம். குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுகிற வீடுகளில்தான் கோழிகளுக்கு முதலில் சளி பிடிக்கிறது. இங்கே உள்ள கணக்கெல்லாம் 20 பெட்டைகளுக்கு.

கொட்டகை 5 அடிக்கு 10 அடி போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். தரையை வெளித்தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்துங்கள். பாகூர், குறிஞ்சிப்பாடிப் பக்கத் தாழ்வான நிலமென்றால் இரண்டரை அடி. கூரைக் கீற்று சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே இறங்க வேண்டும். வடகிழக்கிலிருந்து வரும் சாரல் பக்கத்துக்கு மட்டும் சாக்குப் படுதா கட்டுங்கள். படுதாவைக் கீழே கட்டி மேலே ஏற்றுவதுதான் முறை. மேலே ஓரடி எப்போதும் திறந்திருக்க வேண்டும், எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா போக அதுதான் வழி. காற்று சரியாக இருக்கிறதா என்று நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சிப் பார்ப்பதில் பயனில்லை. விடியற்காலையில் உள்ளே போய், கோழியின் உயரத்துக்குக் குந்தி, ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது.

தரையில் கூளமாக மூன்று அங்குலம் உமி. மூன்று நான்கு சாக்கு பிடிக்கும். பண்ருட்டிப் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை)த் தோல் மலிவாகக் கிடைக்கும். வெயில் காலத்துக்கு நல்லது, மழைக்காலத்தில் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும், வேண்டாம். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரியுங்கள். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் பதம் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் ஏறிவிட்டது. ஒட்டவே ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் நல்லதல்ல, தூசியே சளியைக் கொண்டுவரும்.

ஈரம் ஏறினால் கட்டியான இடத்தை மட்டும் வாரி வெளியே போட்டு, மீதியைக் கிளறி, அரைக் கிலோ நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவி மறுபடி கிளறுங்கள். அன்று படுதாவை முழுக்கக் கீழே இறக்கித் திறந்துவிட வேண்டும். சுண்ணாம்பு பட்டதும் கூளத்தில் அடங்கியிருக்கும் அமோனியா மொத்தமாகக் கிளம்பும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மற்றபடி வாரம் இரண்டு முறை கிளறினால் போதும்.

பாதி ஈரம் மழையால் வருவதில்லை, தண்ணீர்க் குவளையிலிருந்து வருகிறது. குவளையின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். தாழ்வாக இருந்தால் சிதறும், கிளறிய உமியும் உள்ளே விழும்.

அடுத்தது வெளிச்சம். முட்டை தொடர்ந்து வர ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். மார்கழியில் இங்கே பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். குறைகிற நேரத்தை விடியற்காலையில் கொடுங்கள், மாலையில் வேண்டாம். மாலையில் விளக்கு திடீரென அணைந்தால் பரணேறாத கோழிகள் தரையிலேயே திகைத்து நிற்கும். ஆறேழு அடி உயரத்தில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று, மஞ்சள் ஒளி. வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டி, மார்கழி பிறக்கும்போது மூன்றே முக்காலுக்கு எரியும்படி டைமர் வையுங்கள். கோயில் ஒலிபெருக்கி எழுப்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் தினமும் நேரம் மாறும். ஒரு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்துவது போடாமலிருப்பதைவிட மோசம்; கோழி இறகு உதிர்க்கத் தொடங்கிவிடும்.

ஒன்றரை வயதைத் தாண்டிய பெட்டை இந்தப் பருவத்தில் தானாகவே இறகு உதிர்ப்பதுண்டு. கழுத்தில் தொடங்கும், முட்டை நிற்கும், இரண்டு மூன்று மாதத்தில் திரும்பும். சுறுசுறுப்பாகத் தின்றுகொண்டிருந்தால் மருந்து தேவையில்லை.

தீவனம் கோழிக்கு 110 கிராம், 20 கோழிக்கு நாளுக்கு 2.2 கிலோ. 10 கிலோ கலவைக்கு: மக்காச்சோளம் 4.5, சோயாப் புண்ணாக்கு 2, தவிடு 1.8, கருவாட்டுத் தூள் 0.6, கிளிஞ்சல் 0.9, வைட்டமின் சேர்ந்த தாது உப்புக் கலவை 0.2 கிலோ. கடலூர் முதுநகரில் கருவாடு வாங்கும்போது உப்பில்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாடு போட்டால் கோழி தண்ணீராகக் குடிக்கும், எச்சம் நீராக இளகும், கூளம் நனையும். கூரை ஒழுகுகிறதோ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் தீவனம் சேர்க்காதீர்கள். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். பூசண வாசம் வந்த சோளத்தைக் காயவைத்துப் போடலாம் என்பது தப்புக் கணக்கு. காய்ந்தாலும் அஃப்ளாடாக்சின் நச்சு போகாது, ஈரலைத்தான் தாக்கும்.

ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை மழைக்கு முன்பே, புரட்டாசியில் முடித்துவிடுங்கள். முட்டையிடும் கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் லசோட்டா ஏற்றது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், மருந்திலுள்ள கிருமி செத்துவிடும். மழைக்குப் பின் கொசு பெருகினால் கொண்டையில் அம்மைக் கொப்புளம் வரும். தேங்கிய தண்ணீரை வடிப்பதுதான் முதல் வேலை. எச்சத்தில் ரத்தம் கண்டால் நனைந்த கூளத்தால் வரும் ரத்தக் கழிச்சல் என்று சந்தேகித்து, அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் கொட்டகையை நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டியின் பலாவையே வேரோடு சாய்த்தது. பஞ்சாரத்துக்கு ஐந்தாக நான்கு பஞ்சாரம் போட்டு, மாடிப்படி அறையில் வையுங்கள். மழை விட்டதும் அவசரமாக இறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது, ஆனால் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊர்களுக்குள் புகுந்தது அதற்குப் பிறகுதான். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். நாளுக்கு ஐந்து லிட்டர்தான், பிளீச்சிங் பவுடரை எடை போடுவதைவிட இது சுலபம். தரையில் விழுந்து நனைந்த உமி முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு, தரை காய்ந்த பிறகு புது உமி பரப்பி, அதன்பின் கோழிகளை விடுங்கள்.