58 வயசு ஆன டர்னரை அனுப்பிடாதீங்க, பட்டறையில எப்படி வெச்சுக்கறதுன்னு சொல்றேன்

கோயம்புத்தூர்ல சின்னதா மெஷினிங் பட்டறை நடத்தறேனுங்க, 3 லேத் (கடைசல் மெஷின்), 2 சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராம்ல ஓடற மெஷின்), மொத்தம் 14 பேர். நாலு வருசம் முன்னாடி எங்க டர்னர் (லேத்துல கடைசல் வேலை பாக்கறவரு) அண்ணன் ஒருத்தருக்கு 58 முடிஞ்சுது, சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் குடுத்து, பிரியாணி போட்டு அனுப்பி வெச்சுட்டோம். அடுத்த மாசமே அலுமினியம் ஜாப் (கடைஞ்சு குடுக்கற பாகம்) ஒரு லாட் முழுக்க திரும்பி வந்துருச்சு, எல்லாமே அளவு கம்மி. பையன் மைக்ரோமீட்டர் வெச்சு ஒழுங்காத்தான் அளந்திருக்கான், ஆனா மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோடயே அளந்துட்டான். 100 மில்லிமீட்டர் அலுமினியம் 20 டிகிரி கூட சூடா இருந்தா சுமார் 46 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) பெருசாக் காட்டும், ஆறினா சுருங்கிரும். அந்த அண்ணன் இந்தக் கணக்கெல்லாம் போட மாட்டாரு, ஜாப்பைத் தொட்டுப் பாத்துட்டு "ஆறட்டும்டா"ம்பாரு, அவ்வளவுதான். அது எந்த டிராயிங்லயும் எழுதி இருக்காது.

அவர் வீட்டுக்கே போயிக் கூட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் தப்பு தப்பாப் பண்ணிக் கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

மொதல்ல, 58 வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, 55-லயே உக்காந்து பேசிருங்க. எப்ப நிக்கறீங்கன்னு கேட்டா மனுசன் உடைஞ்சு போயிருவாரு, எந்த வேலை இப்ப உடம்புக்குக் கஷ்டமா இருக்குன்னு கேளுங்க. எங்க அண்ணன் சொன்னது மூணே விசயம், சக் (லேத்துல ஜாப்பைப் புடிச்சுக்கற கனமான பிடி) தூக்கறது, ராத்திரி ஷிஃப்ட், அளக்கற வெர்னியர்ல கோடு தெரியல. இதுல ஒண்ணாச்சும் தொழில் தெரியாத பிரச்சனையா சொல்லுங்க?

அப்புறம் வேலை செய்யற எடத்தைப் பாருங்க, இதுதான் முக்கியம், செலவும் கம்மி. ஜெர்மனியில டிங்கோல்ஃபிங்ங்கற ஊர்ல பிஎம்டபிள்யூ ஃபேக்டரில 2007-ல ஒரு லைனுக்கு வேணும்னே சராசரி வயசு 47 வர்ற மாதிரி ஆள் போட்டாங்க, அங்க வேலை செய்யறவங்க கிட்டயே கேட்டு சின்னச் சின்னதா 70 மாத்தம் பண்ணாங்க, சிமெண்ட் தரைக்கு பதிலா மரத்தரை, உக்காந்து எந்திரிக்க நாற்காலி, பொடி சாமானப் பாக்க லென்ஸ், ஸ்கிரீன்ல பெரிய எழுத்து, இந்த மாதிரி. ஒரே வருசத்துல உற்பத்தி 7 சதவீதம் ஏறுச்சு. நாங்க பண்ணது அதுல கால்வாசி கூட இல்ல, நிக்கற எடத்துல ரப்பர் மேட், உயரமா ஒரு ஸ்டூல், லென்ஸ் வெச்ச லைட்டு, டிஜிட்டல் வெர்னியர், சக் தூக்க செயின் பிளாக் (சங்கிலி இழுத்துத் தூக்கற கருவி), ஏ4 டிராயிங்கை ஏ3-ல பிரிண்ட். செயின் பிளாக்கை இப்ப ஜாஸ்தியா யூஸ் பண்றது 24 வயசுப் பசங்கதான், அவங்க முதுகும் முதுகுதானே.

நேரம்: காலையில 9-ல இருந்து 2 வரைக்கும், ராத்திரி ஷிஃப்ட் கண்டிப்பா வேண்டாம். சம்பளத்தை மணிக்கணக்குக்குத் தகுந்த மாதிரி குறைக்கலாம், ஆனா வயசாச்சுன்னு மணிக்கூலியைக் குறைக்காதீங்க, அதே ஜாப்தான் போடறாரு, அதே அளவுதான் வருது.

இங்க ஒண்ணு கவனிக்கணும், நெறைய ஓனருங்களுக்கு இது தோணறதில்ல. கிராஜுட்டி (வேலையை விட்டுப் போகும்போது குடுக்கற பணிக்கொடை) கடைசியா வாங்கின சம்பளத்தை வெச்சுத்தான் கணக்கு, வருசத்துக்கு 15 நாள் சம்பளம். முழு நேரத்துல இருந்து அரை நேரத்துக்கு மாத்திட்டு ரெண்டு வருசம் கழிச்சு செட்டில் பண்ணா, முப்பது வருச உழைப்புக்கும் சேத்து பாதிதான் கையில வரும். அதனால ரிட்டையர்மெண்ட் அன்னைக்கே பழைய கணக்கை முழுசா முடிச்சுக் குடுத்துட்டு, புது ஆர்டர் போட்டு வேலைக்கு எடுங்க. பிஎஃப்லயும் 58 தாண்டினா பென்ஷன் ஃபண்டுக்குப் போற 8.33 சதவீதம் நின்னு அதுவும் பிஎஃப் கணக்குக்கே போகணும், உங்க ஆடிட்டர் மறந்துட்டாருன்னா நீங்க ஞாபகப்படுத்துங்க.

தொழிலைப் பசங்களுக்கு எப்படி எறக்கறது? நான் மொதல்ல சனிக்கிழமை சாயங்காலம் கிளாஸ் வெச்சேன், போர்டெல்லாம் வாங்கி மாட்டி, ஒண்ணும் நடக்கல, அண்ணனுக்குப் பேச வரல, பசங்க போனை நோண்டிட்டு இருந்தாங்க. கைத்தொழில் வாயில வராதுங்க. இப்ப கஷ்டமான ஜாப் எது வந்தாலும் ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்திடறேன், பையன் புரோகிராம் எழுதுவான், அண்ணன் டூல் சத்தத்தைக் கேட்டே ஜாப் அதிருதா இல்லையான்னு சொல்லுவாரு, பையன் கேட்டு ஃபீடை (டூல் நகர்ற வேகத்தை) மாத்துவான். மூணு மாசத்துல பையனுக்குக் காது பழகிருச்சு, அண்ணன் சிஎன்சில ஆஃப்செட் (டூலோட அளவுத் திருத்தம்) மாத்தக் கத்துக்கிட்டாரு. ஒரு குயர் நோட்டு மெஷின் பக்கத்துலயே இருக்கும், அவர் சொல்றதைப் பையன் தமிழ்லயே எழுதி வெப்பான்.

எங்க சூப்பர்வைசருக்கு 27 வயசு, பெரியவருக்கு எப்படி வேலை சொல்றதுன்னு தவிச்சான். "இதைப் பண்ணுங்க"ன்னு சொல்றதுக்கு பதிலா "மூணு பீஸ் மதியத்துக்குள்ள வேணுங்ணா, எப்படிப் புடிக்கலாம்?"னு கேக்கச் சொன்னேன். தப்பு நடந்தா தனியாக் கூப்பிட்டுத்தான் பேசணும். அண்ணன் கிட்டயும் நேராச் சொன்னேன், இனிமே பசங்களை "அந்தக் காலத்துல நாங்க"ன்னு ஆரம்பிச்சுத் திட்டக் கூடாதுன்னு. சிரிச்சுட்டே சரின்னாரு.

புதுசா ஆள் எடுக்கும்போது போர்டுல "35 வயதுக்குள்"னு எழுதற வரியை எடுத்துருங்க. எடுத்ததும் 61 வயசுல ஒருத்தர் டிபன் பாக்ஸோட வந்து நின்னாரு. வயசைக் கேக்காம ஒரு கம்பியும் டிராயிங்கும் குடுத்து லேத்துல நிக்க வெச்சோம், அதே கம்பி அதே டிராயிங்தான் அன்னைக்கு வந்த 22 வயசுப் பையனுக்கும். ரெண்டு பேரையும் எடுத்தாச்சு, இப்ப ஒரே மெஷின்ல நிக்கறாங்க.