சென்னையில் அலுவலகக் கட்டடம்: வெயிலை வரைபடத்திலேயே தடுக்கும் முறை

நான் வடிவமைத்த முதல் மூன்று மாடி அலுவலகத்தில், வடக்குப் பக்கம் வெயில் வராது என்று நம்பி, அந்தச் சுவர் முழுவதையும் சன்ஷேடு இல்லாத கண்ணாடியாக வைத்தேன். ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அங்கே போனபோது, கணினித் திரை தெரியவில்லை என்று ஊழியர்கள் சன்னல் நெடுகச் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

முதலில், கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி வையுங்கள். மனை அதற்கு இடம் தராவிட்டால் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை ஆகியவற்றை மேற்கே தள்ளிவிடுங்கள். மேற்குச் சன்னலைச் சன்ஷேடு காப்பாற்றாது. செப்டம்பர் 22 அன்று மாலை நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 29 டிகிரி உயரத்தில்தான் இருக்கும் என்பதால், ஒன்றரை மீட்டர் உயரச் சன்னலை முழுவதும் மறைக்க ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளச் சன்ஷேடு வேண்டியிருக்கும்.

அடுத்து, நான் தவறிய வடக்குப் பக்கம். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிக்கு வரும் நண்பகல் சூரியன் அதன் பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்த பின்னரே தெற்கே திரும்புகிறது. நண்பகல் வெயிலைத் தடுக்க 30 செ.மீ. சன்ஷேடு போதும்; ஆனால் மாலை வெயில் பக்கவாட்டில் நுழைகிறது. ஜூன் 21 அன்று மூன்று மணி முதல் ஐந்து மணி வரை சூரியன் இறங்கிக்கொண்டே போனாலும், அதன் திசை வடக்கிலிருந்து மேற்காக ஏறக்குறைய 70 டிகிரியிலேயே நிற்கிறது. ஆகவே, சுவரிலிருந்து 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பலகைகளை 80 செ.மீ.க்கு ஒன்றாக நிறுத்தினாலே அந்த வெயில் முழுவதும் தடுக்கப்பட்டுவிடும்.

தெற்கில் 60 செ.மீ. சன்ஷேடு போதுமானது, டிசம்பர் நண்பகலில் சன்னலின் கீழ்ப்பாதியில் சிறிது வெயில் விழும், அதற்குத் திரை போதும். மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதியுங்கள். கண்ணாடியின் மொத்தப் பரப்பு வெளிச்சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி. நான் 30 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

இவற்றைச் சரிபார்க்க, அச்சிட்ட சூரியப் பாதை வரைபடமும் (எந்த நாளில், எந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்று காட்டும் படம்) கோணமானியும்தான் என் முதல் தேர்வு. ஸ்கெட்சப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் நிழல் பார்ப்பவர்கள் ஊரையும் உண்மையான வடக்குத் திசையையும் முதலில் பதிவுசெய்ய வேண்டும். தாளின் மேல்புறத்தையே வடக்கென்று விட்டுவிட்டால் நிழல் முழுவதும் பிழையாகிவிடும்.

பின்சேர்க்கை: வடக்குப் பக்கத்துச் செங்குத்துப் பலகைகள் புயலைத் தாங்குமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்த ஊர் இது. சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரை வைத்துக் கணக்கிடுங்கள். அலுமினியப் பலகைகளைச் செங்கல் சுவரில் திருகாமல், கான்கிரீட் தளத்தின் விளிம்பில் ஆங்கர் போல்ட்டால் பிணைக்கச் சொல்லுங்கள்.