கில் ஃபீட் வாசிக்கும் கேஸ்டர்கள்: கேம் கமெண்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலாக கேஸ்ட் செய்தது, அதாவது லைவில் வர்ணனை சொன்னது, ஒரு சின்ன பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) போட்டி. பார்த்தவர்கள் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அதிலும் பாதிப் பேர் ஆடியவர்களின் நண்பர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு முடிந்தபோது தொண்டை கட்டியிருந்தது, கலக்கிவிட்டோம் என்ற நினைப்பு வேறு. மறுநாள் பதிவைப் போட்டுக் கேட்டவன் மூன்றாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். திரை ஓரத்தில் ஓடும் கில் ஃபீடை, அதாவது யார் யாரை எந்தத் துப்பாக்கியால் அடித்தார் என்கிற பட்டியலை, மூச்சுவிடாமல் வாசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கூப்பிடுவது போல இருந்தது.

அதற்கப்புறம் புதிதாக வருகிற பல பேரைக் கேட்டாயிற்று. குரல் நன்றாக இருக்கும், கேமும் நன்றாகத் தெரியும். தவறுகள் மட்டும் அதே தவறுகள்தான்.

திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வது

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தில் கேட்பவருக்கு மைதானம் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போனது, யார் துரத்துகிறார், எல்லாவற்றையும் அவர் வாயால்தான் காட்ட வேண்டும். கேம் பார்ப்பவருக்கு எதிரிலேயே திரை இருக்கிறது. "ஓடுறாரு, ஒளியுறாரு, சுடுறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு ரவுண்டை எடுத்துக்கொள்வோம். ஸ்பைக்கை, அதாவது வெடிகுண்டை, வைத்தாயிற்று. வைத்த அணியில் ஒரே ஒருவர் மிச்சம், எதிரே இரண்டு பேர். புது கேஸ்டர் என்ன சொல்வார்? "ஒன் வெர்சஸ் டூ! கிளட்ச் பண்ணுவாரா? என்ன நடக்கப்போகுது? ஐயோ! அடிச்சுட்டாரு!" இதில் பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு சங்கதிகூட இல்லை.

அந்த ரவுண்டின் கணக்கு இது: ஸ்பைக் வெடிக்க 45 வினாடி. அதைச் செயலிழக்க வைக்க, அதாவது டிஃப்யூஸ் செய்ய, 7 வினாடி. பாதி, அதாவது மூன்றரை வினாடி எடுத்துவிட்டு விட்டால் அந்தப் பாதி அப்படியே நிற்கும், அடுத்த முறை மீதியை முடித்தால் போதும். டிஃப்யூஸ் தொடங்கும்போது ஒரு சத்தம் கேட்கும். அதனால் ஒருவர் சும்மா ஸ்பைக்கைத் தொட்டுச் சத்தம் கொடுப்பார், அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்ப்பவரை அடிக்க மற்றவர் குறி வைத்துக் காத்திருப்பார். இதைத் தெரிந்தவர் பேசினால் இப்படி இருக்கும்: "தொட்டுட்டு விட்டுட்டாரு, இது பொறி. எட்டிப் பார்த்தா போச்சு. ஆனா பாதி எடுக்க விட்டுட்டா அப்புறம் மூணரை செகண்டுதான் மிச்சம். இப்போ முடிவு எடுக்கணும்." அவ்வளவு போதும். அடுத்த நொடி என்ன நடந்தாலும் பார்ப்பவருக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும், ஏனென்றால் எதற்காகப் பயப்பட வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டீர்கள்.

இந்த வித்தையை நம் ஊர் ஜல்லிக்கட்டு மைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாடு வாடிவாசலைத் தாண்டுவதற்கு முன்பே யாருடைய மாடு, எந்த ஊர், பிடித்தால் என்ன பரிசு என்று எல்லாம் சொல்லி முடித்திருப்பார். மாடு வெளியே பாய்ந்த பிறகு இரண்டு மூன்று சொல்தான்.

உங்கள் கண் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம்

பிஜிஎம்ஐ போட்டியில் 16 அணி, 64 பேர். எல்லோரையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. யாரைக் காட்டுவது என்று முடிவு செய்பவர் அப்சர்வர். பார்வையாளர் பார்ப்பது அவர் திரையைத்தான். நீங்கள் மேப்பைப் பார்த்துவிட்டு "போச்சின்கில பெரிய சண்டை!" என்று கத்தும்போது திரையில் ஒருவர் ஜீப்புக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தால் கேலிக்கூத்துதான். முதலில் திரையில் இருப்பதற்குப் பேச்சு. வேறு இடத்தில் ஏதாவது சூடு பிடிக்கிறது என்றால் தனி லைனில் அப்சர்வருக்குச் சொல்லுங்கள், அவர் திருப்பிய பிறகு பேசுங்கள். போட்டிக்கு முன் அவரோடு பத்து நிமிஷம் பேசி வைப்பது நல்லது. பல கேஸ்டர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரிவதில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இன்னொன்று, உங்கள் யூடியூப் லைவை நீங்களே இன்னொரு டேபில் திறந்து வைக்காதீர்கள். லைவ் தாமதமாகத்தான் போகும். சாட்டில் "என்னண்ணா இது!" என்று வருவது நீங்கள் பேசி முடித்த பழைய சண்டைக்கு. அதற்குப் பதில் சொல்லப் போய் இப்போது நடக்கிற சண்டையை விட்டுவிடுவீர்கள்.

பக்கத்தில் இருப்பவரை மறப்பது

பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்துதான் கேஸ்ட் செய்வார்கள். ஒருவர் பிளே பை பிளே, சண்டை நடக்கும்போது கூடவே ஓடுபவர். மற்றவர் அனலிஸ்ட், ஏன் அப்படி நடந்தது என்று சொல்பவர். புதியவர்கள் இரண்டு பேருமே சண்டைக்காகக் காத்திருந்து, சண்டை வந்ததும் சேர்ந்து கத்துவார்கள். காதில் விழுவது சந்தைக்கடை.

சண்டை ஓய்ந்ததும் பிளே பை பிளே செய்பவர் ஒரு கேள்வியோடு பேச்சைக் கைமாற்ற வேண்டும். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மொட்டையாகக் கேட்பது கேள்வியில் சேர்த்தி இல்லை. "அந்த ஸ்மோக்கை முன்னாடியே போட்டிருந்தா ரிவைவ் கிடைச்சிருக்குமா?" என்று கேளுங்கள், அவருக்குப் பேச ஒரு நூல் கிடைக்கும். டிஸ்கார்டில் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் கேமராவைப் போட்டு வைத்து, கை உயர்த்தினால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரு வினாடி சும்மா இருந்தாலும் தவறில்லை. துப்பாக்கிச் சத்தமும் கேட்கட்டுமே.

முதல் ரவுண்டிலேயே உச்சி

வேலரன்ட்டில் 13 ரவுண்டு எடுத்தவர் ஜெயிப்பார். 12-12 ஆகிவிட்டால் இரண்டு ரவுண்டு முன்னிலை வரும்வரை இழுக்கும். முதல் பிஸ்டல் ரவுண்டுக்கே அடித்தொண்டையில் கத்திவிட்டால் 12-12க்கு எங்கே போவீர்கள்? டோட்டா 2 கேஸ்டர் ஓடிபிக்சல் பேசும் வேகத்தைப் பார்த்துப் பலர் அப்படியே செய்யப் பார்க்கிறார்கள். அந்த வேகம் பெரிய டீம் ஃபைட்டுக்கு. மற்ற நேரத்தில் அவர் எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார் என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பிஜிஎம்ஐயில் ஒரே நாளில் ஐந்து, ஆறு மேட்ச் வரும். வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும், ஐஸ் போட்டது வேண்டாம். ஒளிபரப்பு மென்பொருளான ஓபிஎஸ்ஸில், சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரைப் போட்டு வைத்தால் கத்தும்போது சத்தம் உடையாது. மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி இருந்தால் போதும்.

கணக்கு தெரியாமல் உட்காருவது

இப்போது பல பிஜிஎம்ஐ போட்டிகளில் முதல் இடத்துக்கு 10 புள்ளி, இரண்டாவதுக்கு 6, அப்புறம் 5, 4, 3 என்று இறங்கும். ஒவ்வொரு ஃபினிஷுக்கும், அதாவது எதிராளி ஒருவரை வீழ்த்தியதற்கும், 1. ஆக, 4 ஃபினிஷோடு சிக்கன் டின்னர், அதாவது முதல் இடம், எடுத்த அணிக்கு 14. ஐந்தாவது வந்தாலும் 12 ஃபினிஷ் அடித்த அணிக்கு 15. கடைசி மேட்சில் நீங்கள் ஜெயித்த அணியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது கோப்பை வேறு அணிக்குப் போயிருக்கலாம். ஒரு தாளில் புள்ளிப் பட்டியலை எழுதிப் பக்கத்தில் வையுங்கள். 'ஃபினிஷ்' என்று சொல்வதும் பழகிக்கொள்ள வேண்டியதுதான். பிஜிஎம்ஐயில் 'கில்' என்பதற்கு அதுதான் சொல், அதிகாரப்பூர்வ போட்டிகளில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அவனா, அவரா?

இங்கிலீஷ் கேஸ்டருக்கு இல்லாத தலைவலி ஒன்று தமிழில் கேஸ்ட் செய்பவருக்கு உண்டு. ஆடுகிறவருக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். உற்சாகத்தில் "அடிச்சான் பாரு!" என்று வந்துவிடும். பிரபலமான வீரர் அடித்தால் மட்டும் "அடிச்சுட்டாரு". இந்த இரண்டையும் ஒரே மேட்சில் கேட்கிற சின்ன அணியின் ரசிகருக்குச் சுருக்கென்று இருக்கும். எல்லோருக்கும் அவர், அவ்வளவுதான். பெண்கள் ஆடினாலும் அதே மரியாதை. "பொண்ணா இருந்துட்டு எப்படி ஆடுறாங்க பாரு" என்பது பாராட்டே கிடையாது. 'நம்ம பசங்க' என்ற சொல்லையும் தமிழ்நாட்டு அணி ஆடும்போது வாயில் பூட்டி வையுங்கள்.

அப்புறம் மொழி. இந்தி கேஸ்டர் சொல்வதை அப்படியே தமிழாக்கினால் ஒட்டாது. மறுபக்கம், ஸ்மோக்கைப் 'புகைக்குண்டு' என்று சொல்லத் தொடங்கினால் செய்தி வாசிப்பது போலாகிவிடும். ரஷ், நாக், ஸோன், ரொட்டேஷன் எல்லாம் ஆடுபவர்கள் வாயில் இருக்கும் சொற்கள், அவை அப்படியே இருக்கட்டும். அவற்றைச் சுற்றி வருகிற பேச்சில்தான் தமிழ் வேண்டும். ஸோனுக்குள், அதாவது சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பான வட்டத்துக்குள், முன்னாலேயே வந்து வீட்டைப் பிடித்துக்கொண்ட அணியைப் பார்த்து என் கூட்டாளி ஒருமுறை, "பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே துண்டு போட்டுட்டாங்க" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

வீரர்களின் பெயரை எப்படிச் சொல்வது என்று மேட்சுக்கு முன்பே அணி மேனேஜரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் சிரிக்கிற ஜப்பானிய எழுத்தை யாரும் உச்சரிக்கச் சொல்லவில்லை.

"ஹேக் போட்ட மாதிரி இருக்கு"

விளையாட்டுக்காகக்கூட லைவில் இதைச் சொல்லாதீர்கள். அந்தப் பத்து வினாடியை யாராவது வெட்டி ரீல்ஸில் போட்டுவிடுவார்கள், அந்தப் பையன் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் போட்டி நடத்துபவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள். தப்பு செய்த வீரரை 'நூப்', 'பாட்' என்று நக்கலடிப்பதும் நண்பர்கள் ரூமோடு நிற்கட்டும்.

பணத்தைப் பற்றி இரண்டே விஷயம். எத்தனை நாள், எத்தனை மேட்ச், எப்போது பணம் என்பதை வாட்ஸ்அப் மெசேஜாகவாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு இடத்திலிருந்து வர வேண்டியது இன்னும் வரவில்லை. இரண்டாவது, பணம் கட்டி ஆடும் ஆப்களின் விளம்பரத்தை வாசிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. பணம் வைத்து ஆடும் கேம்களையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் அதே சட்டம் தடை செய்கிறது.

கூப்பிடும்வரை காத்திருப்பது

யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். பழைய மேட்ச் ஒன்றை மியூட்டில் ஓடவிட்டு உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள், அடுத்த நாள் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்தவர் ஒளிபரப்பை உங்கள் சேனலில் போட்டுப் பேசுவதாக இருந்தால் மட்டும் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

வாய்ப்பு கேட்டு அனுப்பும் மாதிரி வீடியோ இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், சண்டை நடுவிலேயே தொடங்கட்டும். என் முதல் மாதிரியில் லோகோ சுழன்று, பாட்டு போட்டு, அப்புறம் "வணக்கம் நண்பர்களே". பத்துப் பேருக்கு அனுப்பினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார்: "தம்பி, இதுல உங்க குரல் எப்போ வரும்?"