மலையகத்தில் எதிர்ப்படும் ஜேர்மன் குடும்பப்பெயர்: வேரும் பொருளும் இன்றைய பரவலும் ஆராயும் முறை

இலங்கை மலையகத்தின் புசல்லாவையில் ரொத்சைல்ட் என்னும் பெயரில் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் மொரிஸ், கேப்ரியல் என்ற வோர்ம்ஸ் சகோதரர்கள். 1841ஆம் ஆண்டளவில் மொரிஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகள் அங்கே நடப்பட்டன. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய 1867ஆம் ஆண்டுக்கு அது கால் நூற்றாண்டு முந்தியது. தோட்டத்தின் பெயர், அதைத் திறந்தவர்களின் பெயர் ஆகிய இரண்டுமே ஜேர்மன் குடும்பப்பெயர்கள். இவை மட்டுமல்ல. இரண்டு உலகப் போர்களின்போதும் தியத்தலாவை முகாமில் ஜேர்மானியர் அடைத்து வைக்கப்பட்டனர். கண்டி உடவத்தகலைக் காட்டு ஆசிரமத்தில் வாழ்ந்த ஜேர்மானிய பௌத்தத் துறவி ஞானதிலோக்க தேரரின் இயற்பெயர் அன்டன் கியூத். மலைப் பாதையில் ரயில் ஓட்டிய பறங்கியர் பலரின் மூதாதையர் ஒல்லாந்தக் கம்பனியின் சம்பளத்தில் வந்த ஜேர்மன் சிப்பாய்கள். தோட்ட வரலாறு எழுதும் மாணவர், பழைய பதிவேடுகளைப் புரட்டும் ஆசிரியர், தம் பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் இத்தகைய பெயரைக் கண்டவர் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி பயன்படக்கூடும்.

எந்தப் பெயரை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில், எக்காலத்தில் உருவானது? அதன் பொருள் என்ன? இன்று அது எவ்வளவு பேரால், எங்கெங்கே தாங்கப்படுகிறது? பெரும்பாலானோர் இரண்டாம் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் மூன்றிலும் எளிதில் கிடைப்பதும், குடும்பத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் பொருள்தான். தந்தையின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ முன்னால் இட்டுக்கொள்ளும் நமக்குத் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும் பெயர் சற்று அந்நியமானதே. ஜேர்மன் நிலப்பரப்பிலும் அது தொடக்கத்திலிருந்தே இருந்த வழக்கம் அல்ல. 12ஆம் நூற்றாண்டளவில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் தோன்றி மெல்ல வடக்கே பரவியது. வடகடலோரத்து ஃபிரீசியாவில் 1811இல் நெப்போலியன் ஆட்சி ஆணையிடும் வரை தந்தையின் பெயரே பிள்ளைக்குப் பின்பெயராகி, அடுத்த தலைமுறையில் மாறிக்கொண்டிருந்தது.

முதலில் எழுத்தைப் பிடியுங்கள்

தமிழில் எழுதப்பட்ட வடிவத்தை வைத்து ஆராய்ச்சியைத் தொடங்கக் கூடாது. கொக் என்றும் கோச் என்றும் கோக் என்றும் நம் ஏடுகளில் வருவது ஒரே பெயராக இருக்கலாம், மூன்று வெவ்வேறு பெயர்களாகவும் இருக்கலாம். மூல எழுத்துக்கூட்டலைக் காட்டக்கூடிய மிகப் பழைய சான்றைத் தேட வேண்டும். மலையகத்தில் அது பெரும்பாலும் தேவாலய முற்றத்துக் கல்லறைக்கல்லாகவே இருக்கும்.

நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ நூறாண்டுக்கு மேல் மழையில் நனைந்த கல்லில் பாசி எழுத்துப் பள்ளங்களை நிரப்பியிருக்கும். கம்பிப் பிரஷ், அமிலம், சுண்ணக்கட்டி எதையும் அதன்மேல் பயன்படுத்தாதீர்கள். கல்லின் மேற்படை உதிர்ந்தால் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். சுத்தமான தண்ணீரைத் தெளித்து, மென்மையான துணியால் ஒற்றி, காலை எட்டு மணிக்கு முன்போ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் பள்ளங்களில் நிழல் கட்டி எழுத்துகள் தெளியும். மூடுபனி நாளாக இருந்தால் ஒருவர் டோர்ச் வெளிச்சத்தைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பிடிக்க, மற்றவர் படம் எடுக்கலாம். முழுக் கல்லையும் ஒரு படமாகவும், பெயருள்ள வரியை மட்டும் இன்னொரு படமாகவும் எடுப்பது நல்லது. பிறந்த ஊர் கல்லின் அடிப்பகுதியில், மண்ணுக்குள் பாதி புதைந்து நிற்பது வழக்கம் என்பதால் அடிவரியைப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டாம்.

இங்கிலாந்து வழக்கில் பழகிய கல்தச்சர்கள் ஜேர்மன் உயிரெழுத்துகளின் மேலுள்ள இரட்டைப் புள்ளியைச் செதுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது அதற்குப் பதிலாக ஓர் ஆங்கில 'இ' (e) எழுத்தைப் பின்னால் சேர்த்திருப்பார்கள். 1881ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை வந்து ஹோர்ட்டன் சமவெளி வரை சென்ற உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கலின் பெயரை இரண்டு வகையிலும் எழுதக் காணலாம். ஆகவே புள்ளி உள்ள வடிவம், புள்ளியற்ற வடிவம், 'இ' சேர்ந்த வடிவம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டே தேடலில் இறங்க வேண்டும்.

இங்குள்ள ஏடுகள்

தோட்டத் துரைமாரைப் பொறுத்தவரை ஃபெர்குசன் குடும்பத்தினர் வெளியிட்டுவந்த இலங்கை டிரெக்டரிகள் முதல் துணை. தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை ஆகிய விவரங்கள் அவற்றில் உண்டு. கல்லே அழிந்துவிட்ட இடங்களில், ஜே. பி. லூயிஸ் 1913இல் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியல் கைகொடுக்கும். பறங்கியர் குடும்பங்களுக்கு 1908இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த வம்சாவளிகள் உள்ளன. அவற்றுள் பலவற்றைத் தொகுத்தவரின் பெயரே அல்டென்டோர்ஃப் என்பது; 'பழைய ஊர்' என்று பொருள்படும் ஜேர்மன் பெயர்.

வம்சாவளியின் முதல் மனிதர், இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த 1796க்கு முன் வந்தவராயின், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் பதிவேடுகளே ஆகச் சிறந்த சான்று. நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகம் 18ஆம் நூற்றாண்டுக்குரிய இலட்சக்கணக்கான பதிவுகளை இணையத்தில் கட்டணமின்றித் தேடும்படி வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், சேவை எங்கே எப்படி முடிந்தது என்பன இருக்கும். ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை கொடுக்க எழுதிவைத்த ஏற்பாடும் சில பக்கங்களில் கிடைக்கும். குடும்பத்தாரின் பெயர் தெரியும் இடம் அதுவே.

இப்பதிவேடுகளை எழுதியவர்கள் ஒல்லாந்த எழுத்தர்கள். ஷ்மிட் ஸ்மிட் ஆனதும், ஹைன்ரிஹ் ஹென்ட்ரிக் ஆனதும், ஊர்ப்பெயர் உருத்தெரியாமல் போனதும் அவர்கள் கையால்தான். செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பெயர் பதிந்த கிளாக்கர் தன் காதில் விழுந்ததை எழுதிவைத்ததால் ஒரே லயத்து அண்ணனும் தம்பியும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலோடு அடையாள அட்டை வாங்க நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே பெயரை விட ஊரையும் கப்பலையும் கொண்டு ஆளை உறுதிசெய்வதே பாதுகாப்பானது.

பொருளைக் காணும் வழி

ஜேர்மன் குடும்பப்பெயர்கள் ஐந்து ஊற்றுகளிலிருந்து வந்தவை: முன்னோரின் இயற்பெயர், தொழில், குடியிருந்த இடத்தின் இயல்பு, விட்டுவந்த ஊர், ஆளின் தோற்றமோ குணமோ சுட்டிய பட்டப்பெயர். எந்தப் பெயரையும் முதலில் இவற்றுள் ஒன்றில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒலியை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். வோர்ம்ஸ் என்பதைக் கண்டவுடன் ஆங்கிலம் தெரிந்தவருக்குப் புழு நினைவுக்கு வரும். உண்மையில் அது ரைன் நதிக்கரையிலுள்ள நகரத்தின் பெயர். உரோமர் காலத்தில் அதற்கு போர்பெட்டோமாகுஸ் என்று பெயர். இடைக்கால இலத்தீனில் வோர்மாட்டியா. அங்குள்ள யூத மயானத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கற்கள் இன்றும் நிற்கின்றன. 2021இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களில் ஒரு பகுதியாகச் சேர்த்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஊர்ப்பெயர் அந்த ஊருக்குள் யாரையும் அடையாளம் காட்டாது. வோர்ம்ஸிலிருந்து ஃபிராங்ஃபேர்ட்டுக்குக் குடிபெயர்ந்தவரையே அங்குள்ளவர்கள் 'வோர்ம்ஸ்காரர்' என்றிருப்பார்கள். ஆகவே ஊர்ப்பெயராலான குடும்பப்பெயரைக் கண்டால் அந்த ஊரில் அல்ல, அதைச் சுற்றியுள்ள நகரங்களில் முதலில் தேட வேண்டும். புசல்லாவைச் சகோதரர்களின் தந்தை பெனடிக்ட் வோர்ம்ஸும் ஃபிராங்ஃபேர்ட் நகரத்தவரே.

ரொத்சைல்ட் வேறு வகை. இப்பெயரை ஜேர்மானியர் ரோட்ஷில்ட் என்பர். 'சிவப்புக் கேடயம்' என்பது பொருள். ஆங்கில வாய் அதைத் தவறான இடத்தில் வெட்டியதால் இறுதியில் குழந்தையைக் குறிக்கும் சொல் இருப்பதுபோல் ஒலிக்கிறது. நம் தோட்டப்பெயரும் அந்த ஆங்கில ஒலியையே பின்பற்றியது. 1462 முதல் ஃபிராங்ஃபேர்ட் யூதர்கள் ஒரே தெருவுக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். வீடுகளுக்கு இலக்கங்கள் இல்லாத அக்காலத்தில் வாசலின் அடையாளமே முகவரி. 16ஆம் நூற்றாண்டில் ஐசாக் எல்கானன் என்பவரின் வீடு 'சிவப்புக் கேடயத்தகம்' எனப்பட்டது. சந்ததியினர் பின்னாளில் அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறியும் பெயரை விடவில்லை. அந்த வழியில் வந்த வங்கியாளர் மையர் அம்ஷெல் ரோட்ஷில்டின் மூத்த மகளைத்தான் பெனடிக்ட் வோர்ம்ஸ் மணந்தார். அதாவது புசல்லாவைத் தோட்டத்துக்கு வைக்கப்பட்டது சகோதரர்களின் தாய்வீட்டுப் பெயர். பொருளை மட்டும் அகராதியில் பார்த்தவருக்குக் கேடயம் கிடைத்திருக்கும், உறவு கிடைத்திருக்காது.

தொழிற்பெயர்களில் பொருளை விட வடிவமே பேசும். குயவரைக் குறிக்கும் பெயர் சக்சனியிலும் தூரிங்கியாவிலும் டொப்ஃபர், தெற்கே ஹாஃப்னர், ஹெஸ்ஸன் வட்டாரத்தில் ஒய்லர். '-சென்' என முடிந்தால் டென்மார்க் எல்லையோரம், '-லே' என முடிந்தால் வூர்ட்டெம்பெர்க் பக்கம் என்று முதற்கணிப்பு செய்யலாம். வூர்ட்டெம்பெர்க் பிரபு 1780களில் ஒரு படைப்பிரிவையே ஒல்லாந்தக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டதும், அதில் சிலர் இலங்கைக்கு வந்ததும் இங்கே நினைவிற்கொள்ளத் தக்கவை. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த எட்வின் லோசன் கோக் நினைவாக 1881இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் பலருக்கும் தெரிந்தது. கோக் என்றால் சமையற்காரர். அதே சொல் ஒல்லாந்தத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் கொக் என வழங்குவதால், ஜேர்மன் எழுத்துக்கூட்டலைக் கண்டால் ஜேர்மன் வேரைச் சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், முடிவல்ல.

இன்றைய பரவல்

ஜேர்மனியில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் வழங்குகின்றன. மாவரைப்பவரைக் குறிக்கும் முல்லர் முதலிடத்திலும், கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட் இரண்டாமிடத்திலும் நிற்கின்றன. முல்லர் மட்டும் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை நெருங்குகிறது. கோக், ஹொஃப்மன் இரண்டும் முதல் பதினைந்துக்குள் அடங்குபவை. ஜேர்மனியில் பிறந்த பௌத்த அறிஞர் லாமா கோவிந்தாவின் இயற்பெயர் ஹொஃப்மன் என்பதால் அவரைக் கண்டி ஏடுகளில் வரும் வேறொரு ஹொஃப்மனோடு உறவாக்குவது, இரண்டு முத்துசாமிகளை அண்ணன் தம்பி ஆக்குவதற்கு ஒப்பானது.

மைன்ஸ் நகரத்து அறிவியல் கழகத்தின் ஆதரவில் உருவாகும் இணைய ஜேர்மன் குடும்பப்பெயர் அகராதியில் பெயரைத் தட்டினால் பொருளும் பரவல் வரைபடமும் ஒன்றாகவே கிடைக்கும். அதன் எண்கள் 2005ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைபேசி இணைப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் இணைப்பு ஒரு வீட்டைக் குறிக்கும். ஆள் கணக்கு வேண்டுமானால் இரண்டரை முதல் மூன்றால் பெருக்கித் தோராயமாகச் சொல்லலாம். கைத்தொலைபேசி பரவிய பிறகான எந்தத் தொலைபேசிப் பட்டியலையும் இதற்கு நம்ப முடியாது. உலக நாடுகள் அனைத்துக்கும் பெயர்க்கணக்கு தரும் தளங்கள் இலங்கைக்குக் காட்டும் எண்ணிக்கையை நான் மேற்கோளாகவே எடுப்பதில்லை.

பரவலான பெயருக்கு வரைபடம் எங்கும் சிவந்து நிற்கும், அதனால் பயனில்லை. அரிய பெயருக்கோ ஓரிரு மாவட்டங்களில் மட்டும் திரண்டு நிற்கும். தேடலை அங்கே குவிக்கலாம். இருந்தாலும் 1945க்குப் பின் சிலேசியா, பொமெரேனியா, கிழக்குப் பிரஷ்யா முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி இருபது இலட்சம் ஜேர்மானியர் இடம்பெயர்ந்தமையால் இன்றைய வரைபடம் பழைய குடியிருப்பைக் காட்டாமல் போகலாம். அத்தகைய ஐயம் எழுந்தால், முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களை ஜேர்மன் கணினி வம்சாவளிச் சங்கம் தேடுதளமாக்கியிருப்பதில் பெயரைத் தேடுக. இடப்பெயர்வுக்கு முந்தைய ஊர்கள் அங்கே கிடைக்கும்.

ஊர் உறுதியானபின் எஞ்சுவது ஞானஸ்நானப் பதிவேடு. ஜேர்மனி முழுவதற்குமான அரசுப் பதிவு 1876இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னைய பிறப்புக்கும் திருமணத்துக்கும் தேவாலய ஏடுகளே ஆதாரம். சீர்திருத்தச் சபையினரின் ஏடுகள் ஆர்கியொன் தளத்தில் கட்டணத்துக்கும், கத்தோலிக்க ஏடுகள் பல மட்ரிகுலா தளத்தில் இலவசமாகவும் உள்ளன. அங்கே இல்லாவிடில் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்துக்கு எழுதலாம். பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், ஊரும், சமயப் பிரிவும், பத்தாண்டுக்கு மேற்படாத காலவரம்பும் கடிதத்தில் இருக்க வேண்டும். கல்லறைக்கல்லின் படத்தையும் சம்பளப் பதிவேட்டின் பக்கப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். பழைய ஜேர்மன் கையெழுத்தில் உள்ள பதிவை அச்செழுத்தில் பெயர்த்துத் தருமாறும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.