மணப்பாடு முதல் முட்டம் வரை: வெயிலைப் பார்த்துப் போடும் இரண்டு நாள் கடற்கரைப் பயணம்

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் கடலையே பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். திருச்செந்தூர், உவரி வழியாகக் கடலை ஒட்டிப் போகும் சாலையில் வண்டி ஓட்டுவது சுகம். முதன்முறையாகச் சொந்த வண்டியில் கிளம்புகிறவர்களுக்கும் பயமில்லாத தடம் இது. ஒரே விஷயம், இங்கே எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வது வெயில்தான். தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் நல்ல இடங்களுக்கெல்லாம் நடுமத்தியானம் போய் நிற்பீர்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் உறைக்காது. பதநீரும் நுங்கும்தான் வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல். ஆனால் வெயிலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அதை நம்பித்தானே இவ்வளவு காற்றாலை நட்டிருக்கிறார்கள்!

குலசேகரன்பட்டினம் தசரா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழா, இந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழாவுக்கென்றே போவது வேறு கதை.

படி 2: திசையைப் புரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து கரை தென்மேற்காகச் சாய்ந்து இறங்குகிறது. காலையில் ஓட்டினால் சூரியன் முதுகுப் பக்கம். மாலை நான்கு மணிக்கு அதே சாலையில் ஓட்டினால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். குமரியைத் தாண்டியதும் கரை மேற்கே பார்க்கத் திரும்பிவிடும். ஆகவே குமரிக்கு முன்னால் உள்ள ஊர்கள் விடியலுக்கு, குமரிக்குப் பின்னால் உள்ளவை மாலைக்கு. உச்சிவெயில் நேரத்தில் கடலை விட்டு உள்ளே, பனங்காட்டுக்குள் போய்விட வேண்டும்.

படி 3: விடியலில் மணப்பாடு

முந்தைய இரவு திருச்செந்தூரில் தங்கினால் சுலபம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். இருட்டோடு கிளம்புங்கள்.

மணப்பாட்டில் கடலுக்குள் மூக்கை நீட்டியது மாதிரி ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் கழிமுகத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். குன்றின் கடலோரச் சரிவில் இறங்கினால், 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை. அதற்குள் ஒரு நன்னீர்க் கிணறு இருக்கிறது. பத்தடி தள்ளி உப்புக் கடல், உள்ளே குடிக்கிற தண்ணீர். பூசை நேரமாக இருந்தால் சத்தம் போடாமல் ஓரமாக நில்லுங்கள், படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கீழே ஊருக்குள்ளும் ஒரு நடை போங்கள். இலங்கையோடு வாணிபம் செய்து வாழ்ந்த குடும்பங்களின் பழைய பெரிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளுக்கும் மணப்பாடு பேர் போனது. வண்டியில் இடம் இருந்தால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த படியில் கருப்பட்டி வைக்க உதவும்.

படி 4: ஒன்பது மணிக்குள் தேரி, அப்புறம் உடன்குடி

தேரி என்பது செம்மணற்காடு. இரும்புச் சத்தால் சிவந்த நைசான மணலைக் காற்று மேடுமேடாகக் குவித்து வைத்திருக்கிறது. குதிரைமொழித் தேரி உடன்குடிக்கு உள்பக்கம். காலை வெயில் சாய்வாக விழும்போது அந்தச் சிவப்பு அப்படி எரியும். பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

கண்டிப்பாக ஒன்று: வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும், சக்கரம் புதைந்த பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் போகும். இறங்கி நடங்கள்.

தேரிக்கு நடுவிலேயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். வற்றாத சுனை, சுற்றிலும் சோலை. இத்தனை மணலுக்குள் இப்படி ஒரு குளிர்ச்சியா என்று தோன்றும். பங்குனி உத்திரத்தன்று மட்டும் குலதெய்வம் கும்பிட வருகிறவர்களின் கூட்டத்தில் உள்ளே நுழையவே முடியாது.

உடன்குடிக்குக் கருப்பட்டிக்காகவே போகலாம். பருவத்தில் போனால் காய்ச்சுவதைப் பார்க்கக் கேளுங்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைப் பெரிய தாச்சியில் ஊற்றி, பனை மட்டையும் ஓலையும் போட்டு எரித்துக் காய்ச்சுவார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைப்பார்கள். சிரட்டையின் அச்சுதான் கருப்பட்டியின் வடிவம். வாங்கும்போது ஒரு துண்டு உடைத்து வாயில் போடுங்கள். இனிப்போடு லேசான உவர்ப்பும் தெரிய வேண்டும். வெறும் இனிப்பாகவே கரைந்தால் சீனி கலந்தது என்று சந்தேகப்படலாம். அங்கேயே பனையோலைப் பட்டையில் பதநீர் கிடைத்தால் விடாதீர்கள்.

படி 5: உள்வழியாக உவரி

சாத்தான்குளம், திசையன்விளை வழியாக உவரிக்கு வாருங்கள். பாதி வழி பனை நிழல். திசையன்விளையில் சாப்பிட்டு, பெட்ரோலும் போட்டுக்கொள்ளுங்கள். உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டி, உச்சியில் விமானத்தை வைத்த கப்பல் மாதா கோயில் ஒன்று. அழகா இல்லையா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், மறக்க மட்டும் முடியாது. கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில்.

மூன்று மணிக்குள் கிளம்பினால் எதிர்வெயிலுக்கு முன் குமரி. வழியில் கூடங்குளம் அணு உலைகளின் குவிமாடங்கள் தெரியும். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்கள் இருக்கும் இந்தப் பயணத்துக்கு ட்ரோன் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 6: இரண்டாம் நாள், ஒரு டச்சுத் தளபதியின் பின்னே

காலையில் வட்டக்கோட்டை. குமரியிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிக்கிய டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அந்த மன்னருக்கே படைத்தலைவரானார். அவர் பலப்படுத்திய கருங்கல் கோட்டை இது. மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கீழே மணல் கறுத்துக் கிடப்பது அழுக்கல்ல, தாது மணல்.

பிறகு மேற்கே திரும்பி மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இடம். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தைத் தூக்கிப் போட்டது. வெயில் நேரத்தில் நாகர்கோவிலில் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு, குளச்சலில் வெற்றித்தூணைப் பார்த்துவிட்டு, ஐந்து மணிவாக்கில் முட்டத்துக்கு வந்துவிடுங்கள். பாறைகளும் கலங்கரை விளக்கமும் மாலை வெயிலுக்கென்றே அமைந்தவை.

படி 7: தண்ணீரில் இறங்கும் முன்

இந்த மேற்குக் கரையில் ‘கள்ளக்கடல்’ என்று ஒன்று உண்டு. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தொலைவில் புயலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கிளம்பும் அன்று, கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணாச்சியிடம் கேளுங்கள். அவர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள். முட்டத்தில் ஈரமான பாறைமேல் ஏறவே வேண்டாம்.

திரும்பும்போது இருட்டில் கடலோரச் சாலை வேண்டாம். பல இடங்களில் விளக்கில்லை, மாடுகள் படுத்திருக்கும். முட்டத்திலிருந்து நாகர்கோவில் போய் நான்குவழிச் சாலையைப் பிடித்துவிடுங்கள்.