கம்மி பட்ஜெட்டில் காருக்கு சப்வூஃபர்: காசு எங்கே கரைகிறது?

ஸ்விஃப்ட், ஆல்டோ, ஐ10 மாதிரி சின்ன காரில் நல்ல பேஸ் கேட்கப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு 10 இஞ்ச் வூஃபர், நிஜமாகவே 150 வாட் தரும் ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அளவு பார்த்து அடித்த பாக்ஸ், நல்ல செம்பு வயர் இருந்தால் போதும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. பட்ஜெட் மொத்தமும் வூஃபருக்கும் ஆம்புக்கும் போய்விடும். மிச்சச் சில்லறையில் ரெடிமேட் பாக்ஸும் கிடைத்த வயரும் வாங்குவார்கள். அப்புறம் "சத்தம் வருது, பேஸ் வரலை" என்று அலைவார்கள். சுமாரான வூஃபர் சரியான பாக்ஸில் நன்றாகவே பாடும். நல்ல வூஃபரைத் தப்பான பாக்ஸில் போட்டால் டமடம என்று அடிக்கத்தான் செய்யும்.

அட்டைப்பெட்டி வாட்ஸ்

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200, 2000 வாட்ஸ் எல்லாம் பீக் கணக்கு (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்), சிலதில் அதுவும் கற்பனைக் கணக்கு. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ். அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, அதுவும் எத்தனை ஓம்ஸில் (வூஃபரின் மின்தடை அளவு) என்ற குறிப்போடு.

அந்தக் குறிப்பை நம்ப முடியவில்லை என்றால் ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 25 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால், வண்டி ஓடும்போது இருக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள்: 345 வாட். பழைய ஏபி வகை ஆம்ப் இதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஒலியாக்கும், மீதி சூடாகப் போகும். ஆக நிஜம் 200 வாட்டை ஒட்டி. டி வகை ஆம்ப் 80 சதவீதம் வரை தரும், அதில் 275 எதிர்பார்க்கலாம். 25 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டு 2000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

வூஃபரின் ஆர்எம்எஸ்ஸும் ஆம்பின் ஆர்எம்எஸ்ஸும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். இந்த ஒரு எண் முடிவானால் வயர், ஃப்யூஸ், கெயின் (வரும் சிக்னலுக்கேற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு) எல்லாம் அதிலிருந்தே வரும். கீழே உள்ள கணக்கெல்லாம் 4 ஓம்ஸில் 150 வாட் என்று வைத்துக்கொண்டு எழுதியது.

ஓம்ஸ் கணக்கில் சறுக்குவது

இரண்டு சேனல் ஆம்பை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, ஒரே வூஃபருக்குக் கொடுக்கும்போது, பெரும்பாலான ஆம்ப்கள் 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. "இன்னொண்ணும் போட்டா டபுள் பேஸ்" என்று இன்னொரு 4 ஓம்ஸ் வூஃபரைப் பேரலலாக இணைத்தால் மொத்தம் 2 ஓம்ஸ் ஆகிவிடும். ஆம்ப் பத்து நிமிடத்தில் சூடேறி, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுபோகும். அல்லது நிற்காமல் புகைந்துபோகும்.

இரட்டைக் காயில் (உள்ளே இரண்டு கம்பிச் சுருள்) வூஃபர் வாங்கும்போதும் கவனம் வேண்டும். 2+2 ஓம்ஸ் காயிலைச் சீரீஸில் இணைத்தால் 4, பேரலலில் 1. 4+4 என்றால் சீரீஸில் 8, பேரலலில் 2. இந்த ஆம்புக்கு 2+2 வாங்கிச் சீரீஸில் இணைப்பதுதான் பொருந்தும்.

பழைய வூஃபர் வாங்கினால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 4 ஓம்ஸ் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். கோனை இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டாலோ, கருகிய வார்னிஷ் வாடை வந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வயர்

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். "8 கேஜ் கிட்" (கேஜ் என்பது வயரின் தடிமன் எண்) என்று ஆன்லைனில் மலிவாக வருவதில் பெரும்பாலானவை அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. அதிலும் பிளாஸ்டிக் உறை தடியாக இருக்கும், உள்ளே உலோகம் கொஞ்சமாக இருக்கும். வெட்டிய முனையை நேராகப் பார்த்தாலே தெரியும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அலுமினியம். அதையே போடுவதாக இருந்தால், செம்பில் தேவைப்படுவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தடியான வயர் வாங்க வேண்டும். அதற்குப் பிறகு விலையில் பெரிய லாபம் இருக்காது.

நம் ஆம்புக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சரி. இது 8 கேஜைவிடக் கொஞ்சம் தடி. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வைத்து 25 ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்தான் குறையும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டரைப் போட்டால் 0.6 வோல்ட் போய்விடும், அடி விழும்போதெல்லாம் ஆம்ப் மூச்சுத் திணறும். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் செம்பு வெல்டிங் கேபிள் நல்ல மாற்று. நன்றாக வளையும், சூடும் தாங்கும். அலுமினியத்திலும் அது வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பில் ஏற்கெனவே ஃப்யூஸ் இருக்கிறதே என்று விட்டுவிடுவது ஆபத்தான தவறு. ஆம்பின் ஃப்யூஸ் ஆம்பைக் காப்பாற்றும். பேட்டரி பக்க ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றும். நடுவில் எங்காவது உறை தேய்ந்து பாடியில் பட்டால், அந்த ஃப்யூஸ் இல்லாத வண்டியில் பேட்டரி தன் முழு கரண்டையும் வயர் வழியே கொட்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் தீ இப்படித்தான் பிடிக்கிறது. ஆம்பில் 25 இருந்தால் இங்கே 30 ஆம்பியர் போதும். அடிக்கடி போகிறதே என்று 60 போட்டுவிடாதீர்கள், ஏன் போகிறது என்று தேடுங்கள்.

இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் இடத்தில் தகரத்தில் வெறும் ஓட்டை போட்டு வயரை நுழைக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட்டில் சின்னதாகத் துளைத்து, வயருக்கு மேல் கொரகேட்டட் ஸ்லீவ் மாட்டிக் கொண்டுவாருங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

எர்த் வயரும் அதே 10 சதுர மில்லிமீட்டர்தான், நீளம் 45 சென்டிமீட்டருக்குள். டிக்கி ஓரத்தில் கெட்டியான பாடி மெட்டலில், பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, வயர் முனையில் லக்கை (வளையமுள்ள உலோக முனை) அழுத்தி கிரிம்ப் செய்து போல்ட்டால் இறுக்குங்கள். பிறகு மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்டோ பூசிவிடுங்கள், இல்லையென்றால் கடலோர ஊர்களில் சீக்கிரம் துரு ஏறும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அது உயிர் காக்கும் போல்ட், தொடாதீர்கள்.

எர்த் சரியா என்று பார்க்க மீட்டரின் ஓம்ஸ் பக்கம் உதவாது, மலிவு மீட்டரில் அதன் வயருக்கே அரை ஓம் காட்டும். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, டிசி வோல்ட்டில் ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளவெடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் திரும்பவும் உப்புத்தாளை எடுக்க வேண்டியதுதான். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் "ஊஊ" என்று கூடவே ஏறும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த எர்த்தான். பவர் வயரையும், ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயரையும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோவது நல்ல பழக்கம். ஆனால் எர்த் மோசமென்றால் அது காப்பாற்றாது.

கம்பெனி ஸ்டீரியோவிலிருந்து சிக்னல்

கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ வெளியீடு பெரும்பாலும் இருக்காது. அதற்காக ஸ்டீரியோவையே மாற்ற வேண்டியதில்லை. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்கினால் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். அது இல்லாத ஆம்ப் என்றால் நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். ஸ்பீக்கர் வயரில் நேரடியாக ஆர்சிஏ பின்னைப் பற்ற வைப்பது ஸ்டீரியோவையும் சேர்த்துக் காலி செய்யும். வயரை வெட்டாமல் இணைக்க, உங்கள் மாடலுக்கான கப்ளர் கிடைக்கிறதா என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரியான இடங்களில் கேட்டுப் பாருங்கள், வாரண்டி தகராறும் குறையும். இல்லையென்றால் சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு சித்திரை வெயிலில் பசை உருகிக் கழன்றுவிடும்.

ஸ்டீரியோ போட்டதும் ஆம்பை எழுப்பும் ரிமோட் வயரை பேட்டரி லைனில் நேராகக் கொடுத்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஆம்ப் சும்மா இருக்கும்போதே அரை முதல் ஒரு ஆம்பியர் வரை குடிக்கும். பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் இருக்கும் 35 ஏஎச் பேட்டரி இரண்டு ராத்திரியில் படுத்துவிடலாம். ஸ்டீரியோவில் ரிமோட் இல்லையென்றால், சாவியை எடுத்தால் அணையும் ஏசிசி ஃப்யூஸிலிருந்து ஃப்யூஸ் டேப் வைத்து எடுங்கள்.

பாக்ஸ்

முதல் செட்டப்புக்கு மூடிய பாக்ஸே போதும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பாக்ஸ் அதிகச் சத்தம் தரும்தான். ஆனால் அதன் கொள்ளளவும் குழாய் நீளமும் அந்தக் குறிப்பிட்ட வூஃபருக்கே கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். கண்ணளவில் ஓட்டை போட்ட ரெடிமேட் பாக்ஸில் ஒரே ஒரு சுரம் மட்டும் "பூம்" என்று அடிக்கும், மற்றதெல்லாம் காணாமல் போகும். போர்ட் டியூன் செய்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தமும் இருக்காது. மூடிய பாக்ஸ் இரண்டு மூன்று லிட்டர் முன்பின் ஆனாலும் மன்னிக்கும்.

10 இஞ்ச் வூஃபருக்குச் சுமார் 17 லிட்டர் பொதுவாகப் பொருந்தும், வூஃபரோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. 18 மில்லிமீட்டர் பலகையில் தச்சரிடம் கொடுக்க வேண்டிய அளவு இது: முன், பின் 39.6 × 29.6 செ.மீ. இரண்டு; மேல், கீழ் 39.6 × 20 இரண்டு; பக்கம் 26 × 20 இரண்டு. உள்ளளவு 36 × 26 × 20, அதாவது 18.7 லிட்டர். வூஃபரின் உடம்பு ஒன்றரை லிட்டர் போல எடுத்துக்கொள்ளும். 2 × 4 அடித் துண்டு ஒன்றில் எல்லாம் அடங்கும். எம்டிஎஃப் சுலபமாக வெட்டும், ஆனால் மழைக்கால ஈரத்தில் ஊறி ஓரம் உப்பும். கடலோர ஊர் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் நீடிக்கும்.

ஸ்க்ரூ மட்டும் போட்டு விட்டால் மூலையில் காற்று கசியும். ஃபெவிகால் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, உள் மூலைகளில் சிலிகான் இழுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே வூஃபரை மாட்டுங்கள், சிலிகானின் புளித்த வாடை காயிலுக்கு ஆகாது. மாட்டியதும் 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு ஊதுபத்தியை ஒவ்வொரு மூலையிலும் காட்டுங்கள். புகை நடுங்கினால் அங்கே கசிவு. பாக்ஸ் கொஞ்சம் சின்னதாகிவிட்டதா? தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சு 200 கிராம் உள்ளே உதிர்த்துப் போட்டால் சற்றுப் பெரிய பாக்ஸ் போல நடந்துகொள்ளும். இலவம்பஞ்சு வேண்டாம், ஈரம் குடிக்கும்.

கெயின் என்பது வால்யூம் அல்ல

வூஃபர்கள் அதிகம் சாவது இங்கேதான். கெயினை முழுக்கத் திருப்பினால் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கும். அப்படி முழுதும் தட்டையான அலை, அதே உயரமுள்ள சுத்தமான அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியை காயிலில் இறக்கும். கூடவே பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபெல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் 16 மடங்கு சக்தி கேட்கிறீர்கள் என்று அர்த்தம். 150 வாட் ஆம்ப் அதற்கு எங்கே போகும்?

சரியாக வைக்க ஒரு மல்டிமீட்டரும் யூஎஸ்பியில் 0 டெசிபெல் 50 ஹெர்ட்ஸ் டோனும் போதும். மலிவு மீட்டர்கூட நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காக அளக்கும், அதனால்தான் இந்த எண். வூஃபர் வயரைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஸ்டீரியோவில் ஈக்வலைசர் நடுவில், பேஸ் பூஸ்ட் அணைந்து, ஆம்பில் லோ பாஸ் (குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலே போவதைத் தடுக்கும் வடிகட்டி) முழுக்க மேலே, கெயின் அடியில். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவுக்கு வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 150 × 4 = 600, அதாவது 24.5 வோல்ட். 100 வாட்டுக்கு 20, 200 வாட்டுக்கு 28.3. அதோடு நிறுத்தி, லோ பாஸை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்து வூஃபரை மாட்டுங்கள். பிறகு ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்து, டிரைவர் சீட்டில் எதில் அடி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

வாங்கத் தேவையில்லாதவை, மறக்கக் கூடாதவை

150 வாட்டுக்கு கெப்பாசிட்டர் வேண்டாம். ஹெட்லைட் மினுக்கினால் முதலில் எர்த்தையும் பேட்டரியின் வயதையும் பாருங்கள். பேஸ் வந்ததும் டிக்கிக் கதவும் நம்பர் பிளேட்டும் கடகடவென்று ஆடும். ஹெச்எஸ்ஆர்பி பிளேட்டைக் கழற்ற முடியாது என்பதால், ஓரத்து இடுக்கில் மெல்லிய ஃபோம் டேப்பைச் செருகிவிடுங்கள். கதவுத் தகரத்துக்கு பியூட்டைல் ஷீட் போடலாம். மலிவு என்று தார் ஷீட் ஒட்டினால் வெயிலில் வாடையும் வரும், உருகி வழியவும் செய்யும்.

வூஃபரோடு சேர்த்துப் பாக்ஸ் பத்து கிலோவைத் தொடும். சடன் பிரேக்கில் பின் சீட்டை நோக்கிப் பாயும் எடை அது. எல் கிளாம்ப் அல்லது ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்கள். தரையில் ஸ்க்ரூ போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள், பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் அங்கேதான் போகின்றன. சிஎன்ஜி வண்டி என்றால் டிக்கியில் எதையும் துளைக்க வேண்டாம். சீட்டுக்கு அடியில் வைக்கும் ஆம்ப் உள்ளடங்கிய 8 இஞ்ச் வூஃபரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்ததும் இருபது நிமிடம் சத்தமாக ஓட்டிவிட்டு, ஃப்யூஸ் ஹோல்டரையும் எர்த் லக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஆம்ப் சூடாக இருப்பது இயல்பு. ஹோல்டரோ லக்கோ சுட்டால் அந்த இணைப்பு லூஸ், கழற்றித் திரும்ப கிரிம்ப் செய்ய வேண்டும்.